முதலில் அச்சைத் திறவுங்கள்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டியில் ஓட்டுநரின் வலது காலடியில் இருப்பது பிரேக் பெடல். அதை மிதித்தால் சக்கரத்தில் நேரடியாக எதுவும் நடக்காது. கியர் பாக்ஸுக்குள் சுழலும் ஒரு டிரம்மைச் சுற்றிப் பருத்தி நாடா பதித்த எஃகுப் பட்டை இறுகும். டிரம் நின்றால் அதோடு சேர்ந்த நீளத் தண்டு நிற்கும். தண்டின் முனையில் இருக்கும் சிறு பற்சக்கரம் நின்று, பின் அச்சிலுள்ள பெரிய பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். அதன் பிறகுதான் பின் சக்கரங்கள் நிற்கும். முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. பின் சக்கரத்துக் கைப்பிரேக், நிறுத்தி வைத்த வண்டி உருளாமல் இருப்பதற்கு மட்டும் போதுமானது.

சிறு பற்சக்கரமும் பெரிய பற்சக்கரமும் சாய்வான பற்களால் கவ்விக்கொள்கின்றன. சாய்வான பற்கள் ஒன்றையொன்று சுழற்றும்போதே பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். அந்தத் தள்ளலைத் தாங்க, அச்சின் உள்ளே இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒரு வாஷர் வைத்திருக்கிறார்கள். அது பாபிட் என்னும் மென்மையான வெள்ளை உலோகத்தால் வார்த்தது. நூறு ஆண்டு கடந்த வண்டிகளின் அச்சைத் திறந்தால், பல நேரங்களில் அந்த வாஷர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் துண்டுகள்தான் மசகோடு கலந்து கிடக்கின்றன. வாஷர் நொறுங்கினால் பெரிய பற்சக்கரம் விலகிப் போகும். பற்கள் கவ்வாது. இன்ஜினின் இழுவையும் பிரேக்கின் பிடிப்பும் ஒரே நொடியில் போய்விடும். வண்டி இறக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய சரக்கு வண்டி ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலானோர் முதலில் அழைப்பது பெயிண்டரை. உடம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, கண்ணாடி போல் மினுக்கி நிறுத்துகிறார்கள். உள்ளே அச்சும் காயிலும் ஆரக்காலும் பழையபடியே இருக்கின்றன. இது தலைகீழ் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஓடப்போகும் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தயங்காமல் புதுப்பிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிந்த மட்டும் கை வைக்காமல் இருக்க வேண்டும். ஏன் அப்படி என்பதற்கு, அந்த வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் எப்படி முதுமை அடைகிறது என்பதில் விடை இருக்கிறது.

மாடல் டி 1908 அக்டோபரில் டெட்ராய்ட் நகரில் பிறந்தது. 1927 மே மாதம் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கு மேல் வெளிவந்திருந்தன. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர் இன்ஜின், 20 குதிரைத் திறன். பலரும் இதைக் குடும்பக் காராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க நகரங்களில் ரொட்டி, பால், ஐஸ், மளிகை, சலவைத் துணி எல்லாவற்றையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த குதிரை வண்டியை ஓரங்கட்டியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1912இல் ஃபோர்டே மூடிய உடம்போடு ஒரு டெலிவரி காரை விற்றுப் பார்த்தது. விற்பனை சரியில்லாததால் விரைவில் கைவிட்டது. அதன் பிறகு வணிகர்கள் வெறும் சேஸிஸை வாங்கி, உள்ளூர் வண்டிக் கொட்டகையில் மர உடம்பு கட்டிக்கொண்டார்கள். 1917இல் ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி வந்தது. காரில் 100 அங்குலமாக இருந்த சக்கர இடைவெளி இதில் 124 அங்குலம். பின் அச்சில் சாய்பற்களுக்குப் பதில் புழுச்சக்கரம். ஃபோர்டின் ஆலையே இந்த லாரிக்கு உடம்பும் சேர்த்துத் தரத் தொடங்கியது 1924இல்தான்.

இதனால்தான் உண்மையான பழைய டெலிவரி வண்டி இன்று அரிதாக இருக்கிறது. காரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டி, மற்ற நாட்களில் கொட்டகையில் வைத்தார்கள். சரக்கு வண்டி மழையிலும் பனியிலும் தேயும்வரை உழைத்தது. மர உடம்பு மக்கியதும் அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, சேஸிஸை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். கண்காட்சிகளில் நிற்கும் டெலிவரி வண்டிகளில் பல, காரின் சேஸிஸ் மேல் அண்மையில் கட்டிய புது உடம்புகள். அதில் தவறில்லை, ஆனால் பழைய உடம்போடு ஒன்று கிடைத்தால் அதன் மதிப்பே தனி.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: இந்த வண்டி ஓடப்போகிறதா, நிற்கப்போகிறதா? அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியின் பாபிட் வாஷர் யாரையும் கொல்லாது. அதை அப்படியே விட்டுவிடலாம். அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அது ஒரு சான்று. சாலைக்கு வரப்போகிற வண்டிக்கோ அந்தச் சலுகை கிடையாது. இனி நான் சொல்வது ஓடப்போகும் வண்டியைப் பற்றி.

பாபிட்டை மட்டமான உலோகம் என்று எண்ணிவிடக் கூடாது. 1839இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஐசக் பாபிட் என்பவர் உருவாக்கிய கலவை அது. பெரும் பங்கு வெள்ளீயம், சிறிது ஆன்டிமனி, சிறிது செம்பு. நம் பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்பார்கள். உருக்கி ஊற்றி ஆறவிட்டால் உள்ளே இரண்டு தன்மைகள் பிரிந்து நிற்கும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த கடினமான நுண்படிகங்கள், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த ஊசிப் படிகங்கள் ஆகியவை மென்மையான வெள்ளீயத்துக்குள் பதிந்திருக்கும். கடினப் படிகங்கள் சுழலும் தண்டைத் தாங்குகின்றன. மென்மையான பகுதி சற்றே தேய்ந்து எண்ணெய்க்கு இடம் தருகிறது. மசகில் மணல் துகள் வந்தால் அது பாபிட்டுக்குள் புதைந்துவிடும். விலை உயர்ந்த எஃகுத் தண்டு கீறாமல் தப்பும். பேரிங்குக்கு இதைவிடக் கனிவான உலோகம் அந்தக் காலத்தில் கிடையாது.

அந்தக் கனிவே வாஷராகும்போது பகையாகிறது. இன்ஜினின் பேரிங்கில் பாபிட் ஒரு மெல்லிய படலமாக இரும்பின் மேல் ஒட்டியிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பலமான ஆதரவு உண்டு. பின் அச்சில் அது தனித்து நிற்கும் வளையம். பற்சக்கரம் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதைத் தட்டுகிறது. மென்மையான உலோகத்தைச் சிறு சிறு அடிகளாகப் பல லட்சம் முறை தட்டினால் நுண்விரிசல் தோன்றும். விரிசலின் முனையில் அழுத்தம் குவியும். அதனால் அது மேலும் நீளும். பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். நல்ல எஃகுக்கு ஒரு வரம்புக்குக் கீழான அடி எத்தனை முறை விழுந்தாலும் கவலையில்லை. வெள்ளீயத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான வரம்பு கிடையாது. காலம் மட்டும்தான் கணக்கு.

எனவே வெண்கல வாஷர்களைக் கடைந்து பொருத்துகிறார்கள். மாடல் டி உதிரிபாகம் விற்போரிடம் ஆயத்தமாகவே கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பின் சக்கரத்துக்கு நேரடியாகப் பிடிக்கும் கூடுதல் பிரேக்கையும் பொருத்திக்கொள்வது அறிவுடைமை. அப்படிப்பட்ட பிரேக்குகளை மாடல் டி ஓடிய காலத்திலேயே வெளிக் கம்பெனிகள் விற்றன. அதனால் வரலாற்றுக்குப் பங்கம் வந்துவிட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது. இன்ஜினுக்குள் இருக்கும் பாபிட்டை மட்டும், இடைவெளி சரியாக இருந்து விரிசலும் இல்லையென்றால், விட்டுவிடலாம். தேய்ந்திருந்தால் பழையதை உருக்கி எடுத்து, புதிதாக ஊற்றி, அளவுக்குக் கடைய வேண்டும். இது தெரிந்த கைகள் உலகம் முழுவதும் குறைந்து வருகின்றன.

அடுத்தது சக்கரம். மாடல் டி சக்கரத்தின் ஆரக்கால்கள் ஹிக்கரி என்னும் வட அமெரிக்க மரத்தால் ஆனவை. கடினமும் வளைந்து கொடுக்கும் குணமும் ஒருசேர உள்ள மரம் அது. கோடரிக் காம்புக்கு இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள். நம் மாட்டு வண்டியில் உள்ளதுபோலவே இதிலும் குடம், ஆரக்கால், வட்டை மூன்றும் உண்டு. ஆனால் மாட்டு வண்டிச் சக்கரம் சும்மா உருண்டால் போதும்; மாடு இழுத்துக்கொள்ளும். இன்ஜின் வண்டியின் பின் சக்கரத்தில் குடம்தான் வட்டையைச் சுழற்றுகிறது. இழுவையும் பிரேக்கும் ஆரக்கால் வழியாகவே போகின்றன. ஆகவே தளர்ந்த ஆரக்கால் இங்கே இருமடங்கு ஆபத்து.

மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்யும் பொருள். ஈரம் போகும்போது அது நார்களுக்குக் குறுக்கே சுருங்கும். நார்களின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. ஆரக்காலின் நீளம் அப்படியே இருக்கும், முனை மட்டும் மெலியும். குடத்தருகே ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் ஆப்பு வடிவ முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி வரும். வண்டியைக் கையால் தள்ளினால் சக்கரத்திலிருந்து ‘கிடுக், கிடுக்’ என்று சத்தம் கேட்கும்.

இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: சக்கரத்தைக் குளத்திலோ தொட்டியிலோ ஊறப்போடுவது. மரம் உப்பிச் சத்தம் நின்றுவிடும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. சுற்றிலும் இரும்பு இறுக்கியிருப்பதால் உப்பும் மரத்துக்குப் போக இடமில்லை. அதன் மெல்லிய உயிரணுச் சுவர்கள் தம்மைத்தாமே நசுக்கிக்கொள்கின்றன. அந்த நசுங்கல் திரும்பாது. மறுபடி உலரும்போது ஆரக்கால் ஊறுவதற்கு முன் இருந்ததைவிடவும் மெலிந்துபோகிறது. ஒரு முறை ஊறவைத்தவர் ஆண்டுதோறும் ஊறவைக்க வேண்டியதாகும். ஒவ்வொரு முறையும் சக்கரம் பலவீனமாகும். புது ஹிக்கரி ஆரக்கால்களை உலர்ந்த நிலையில் அழுத்தி ஏற்றுவதே சரியான வழி. பழையவற்றைத் தூக்கி எறியாமல், எந்தச் சக்கரத்தில் இருந்தவை என்று சீட்டு கட்டி வையுங்கள்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் எந்தப் பழைய வண்டியையும் பேச முடியாது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடும் இடத்தில் ஒரு குட்டி பேட்டரி உருவாகிறது. இரும்பின் ஓரிடம் மின்னணுக்களை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. உப்பு இருந்தால் இந்தக் கடத்தல் இன்னும் எளிது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் வட அமெரிக்க நகரங்களின் வண்டிகள் அடியில் அரித்துப்போவது இதனால்தான். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில் அது வளர்ந்தால் தகடுகளையே பிளந்து, ரிவெட்டை அறுத்துவிடும்.

மணலை வீசித் துருவை அடிப்பது வேகமான வழி. மெல்லிய தகடு அந்தச் சூட்டிலும் அடியிலும் நெளியும். அச்செழுத்தும் கொட்டிய எண்ணும் மங்கும். பொறுமை உள்ளவர்கள் மின்னாற்பகுப்பைத் தேர்கிறார்கள். தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்தால் போதும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். துருவின் பிடி தளர்ந்து, தேய்த்தால் கழன்றுவிடும். நல்ல இரும்பு ஒரு துளியும் போகாது. எச்சரிக்கைகள் உண்டு. ஹைட்ரஜன் தீப்பற்றும், வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கட்டக் கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் கரையும். ஸ்பிரிங் பட்டைகளை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது. கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்தால் அது உடையும் தன்மை பெற்றுவிடும். வெளியில் பளபளப்பாகத் தெரியும் பட்டை சுமை ஏறியதும் முறியும்.

அகற்ற முடியாத இடத்துத் துருவுக்கு டானிக் அமிலம் பூசுகிறார்கள். அது துருவோடு சேர்ந்து கருநீல நிறத்தில் உறுதியான ஒரு சேர்மமாக மாறி நின்றுவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத் துணிக்குக் கறுப்புச் சாயம் போட்ட நம் சாயக்காரர்களுக்கு இந்த வேதியியல் பல நூற்றாண்டுகளாகக் கைவந்தது.

மாடல் டி இன்ஜினில் தண்ணீரைச் சுற்றவிடப் பம்பு இல்லை. முதல் 2,500 வண்டிகளில் இருந்ததை ஃபோர்டு எடுத்துவிட்டது. சூடான நீர் எடை குறைந்து மேலே போகும், ரேடியேட்டரில் ஆறிய நீர் கனத்துக் கீழே வரும் என்பதை நம்பியே அந்த ஏற்பாடு. 60 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 983 கிராம். 90 டிகிரியில் சுமார் 965 கிராம். இந்த 18 கிராம் வேறுபாடுதான் மொத்த நீரையும் சுற்றவைக்கும் விசை. பம்பு வைத்த வண்டி, பாதி அடைத்த ரேடியேட்டரையும் எப்படியோ சமாளிக்கும். இது சமாளிக்காது. பத்துப் பதினைந்து குழாய்களில் உப்புப் படிவம் அடைத்தாலே ஏற்றத்தில் நீர் கொதிக்கும். ஆகவே வெளியில் பித்தளையைத் துலக்குவதைவிட உள்ளே குழாய்களைக் கழுவுவது முக்கியம். கழுவியும் தேறாவிட்டால் உள்கூட்டை மாற்றிவிட்டு, மேல் தொட்டியையும் முகப்பையும் பழையதாகவே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வண்டியில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் தீப்பொறி ஏற்பாடு. இன்ஜினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரத்தில் ‘V’ வடிவக் காந்தங்கள் 16 பொருத்தியிருக்கும். அவற்றுக்கு எதிரே அசையாத வளையத்தில் 16 கம்பிச் சுருள்கள். சக்கரம் சுழன்றால் மாறுதிசை மின்சாரம் பிறக்கும், பேட்டரியே தேவையில்லை. இந்த மேக்னெட்டோவுக்குத் தொழில் வரலாற்றிலும் இடம் உண்டு. 1913 ஏப்ரலில் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை முறையை முதலில் சோதித்தது இதன் மேல்தான். ஒரு தொழிலாளி தனியே ஒன்றைக் கோக்க 20 நிமிடம் ஆனது. வேலையைப் பலருக்குப் பிரித்ததும் 13 நிமிடம் 10 நொடியாகக் குறைந்தது. பிறகு 5 நிமிடத்துக்கு இறங்கியது. உலகத் தொழிற்சாலைகளின் முகமே மாறியது அங்கிருந்துதான்.

அந்தக் காலத்து எஃகுக் காந்தம் இன்றைய காந்தம் போல் விடாப்பிடியானது அன்று. அதனுள் கோடிக்கணக்கான நுண்பகுதிகள் ஒரே திசை நோக்கி நிற்பதால்தான் காந்தத் தன்மை. சூடு, அதிர்ச்சி, எதிர்த் திசைக் காந்தப்புலம் மூன்றும் அவற்றைக் கலைத்துவிடும். அமெரிக்கச் சாலைகளில் பல ஆண்டு குலுங்கிய காந்தங்கள் பாதி வலுவை இழந்திருப்பதில் வியப்பில்லை. காந்தத்தைக் கழற்றி வலுவான மின்காந்தத்தில் வைத்து எடுத்தால் நுண்பகுதிகள் மறுபடி அணிவகுத்துவிடும். இன்ஜினைப் பிரிக்காமலே, காந்தங்களைச் சரியான இடத்துக்குத் திருப்பி நிறுத்தி, எதிரே உள்ள சுருள்களில் நேர்மின்சாரத்தைச் சிறிது நேரம் பாய்ச்சி ஏற்றுவோரும் உண்டு. பழைய பொருளே முழுவதும் இளமை திரும்பும் அரிய இடம் இது.

காயில் பெட்டியில் அந்தப் பேறு கிடையாது. மேக்னெட்டோவின் மின்சாரம் மரப்பெட்டிகளுக்குள் இருக்கும் நான்கு காயில்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு எஃகு நாக்கு ரீங்கரித்தபடி மின்சுற்றைத் திறந்து மூடும். ஒவ்வொரு திறப்பிலும் காந்தப்புலம் சட்டென்று குலைந்து, பல ஆயிரம் வோல்ட் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் பாய்கிறது. புலம் எவ்வளவு வேகமாகக் குலைகிறதோ அவ்வளவு வலுவான தீப்பொறி. அந்த வேகத்துக்குக் காரணம், தாரில் புதைந்து கிடக்கும் கண்டென்சர். ஈயத்தாளுக்கு நடுவே மெழுகுத் தாள் வைத்துச் சுருட்டிய அது, நூறு ஆண்டில் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடுகிறது. தீப்பொறி மெலிந்து, தொடுமுனைகள் கருகும். பெட்டியைத் திறந்து, தாரைச் செதுக்கி, இன்றைய பிளாஸ்டிக் படலக் கண்டென்சரை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். மரத்தின் மேல் படிந்த கைரேகை முதல் பெட்டியின் மூலைத் தேய்மானம் வரை வெளியே எல்லாம் பழையபடி இருக்கும். உள்ளே துடிப்பது புதிதாக இருக்கும். நான் வலியுறுத்தும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கார்புரேட்டருக்குள் கார்க்கால் ஆன ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் உறிஞ்சாமல் இருக்க அதன் மேல் அரக்கு பூசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் உலகத்துக்கு அரக்கு வழங்கிய முதன்மை நாடு இந்தியா. நம் காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி சுரந்ததுதான் டெட்ராய்ட் வரை போனது. பெட்ரோலில் அரக்கு கரையாது. ஆனால் மேசைக்குப் பாலிஷ் போடும் தச்சர் அரக்குச் செதிலை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் இன்று பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். நம் நாட்டில் 20 சதவீதம். எத்தனால் பழைய மிதவையின் அரக்கை மெல்லக் கரைத்துவிடும். கார்க் ஊறிக் கனத்து மூழ்கும்; பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும். தீ விபத்துக்கு வேறென்ன வேண்டும்? எத்தனாலைத் தாங்கும் புது மிதவையை மாற்றுவது சில நிமிட வேலை. இன்ஜினின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 4க்கு 1 தான் என்பதால், மற்றபடி எந்தச் சாதாரணப் பெட்ரோலும் இதற்குப் போதும்.

இப்போது உடம்புக்கு வருவோம். இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன்.

டெலிவரி வண்டியின் உடம்பு மரச்சட்டத்தின் மேல் மரப்பலகையோ தகடோ அடித்தது. மாடல் டியின் சேஸிஸ் வேண்டுமென்றே முறுக்கிக் கொடுக்கும்படி கட்டியது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் முழு வண்டியும் நெளிந்து ஈடுகொடுக்கும். மரச்சட்டம் அந்த நெளிவோடு சேர்ந்து போகும். உறுதியாக இருக்கட்டும் என்று இரும்புக் குழாயால் பற்றவைத்து மாற்றியவர்கள், வெல்டிங் ஓரங்களில் விரிசல் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். மக்கிய பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் நீண்ட சாய்வான இணைப்பாகச் சேர்ப்பது மேல். மரத்தின் வெட்டு முனையில் பசை நிற்காது, அதன் திறந்த துளைகள் பசையைக் குடித்துவிடும். சாய்வாகச் சீவினால் நாரின் பக்கவாட்டுப் பரப்பு கிடைக்கும். தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளச் சாய்வு கொடுத்தால் இணைப்பு பழைய மரத்துக்கு நிகராக நிற்கும்.

பக்கப் பலகைதான் இந்த வண்டியின் உயிர். காருக்கு அழகு இருக்கலாம். டெலிவரி வண்டிக்கு எழுத்து இருக்கிறது. பேக்கரியின் பெயர், தெரு, இலக்கம் குறைந்த அந்தக் காலத் தொலைபேசி எண், விற்ற பொருள் எல்லாவற்றையும் பெயர்ப்பலகை எழுதுபவர் தூரிகையால் எழுதினார். வண்டி கைமாறியதும் அதன் மேல் ஒரு பூச்சு, அதற்கும் மேல் புது முதலாளியின் பெயர். இப்படி ஒரே பலகையில் இரண்டு மூன்று கடைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒரு நகரத்தின் சிறு வணிக வரலாறு வேறெந்த ஆவணத்திலும் இல்லாமல் இங்கே மட்டும் இருக்கக்கூடும்.

அதை எப்படிப் படிப்பது? எழுத்துக்குப் பயன்பட்ட வண்ணத்தில் பெரும்பாலும் ஈய வெள்ளை இருந்தது. அது தனக்குக் கீழே உள்ள பூச்சைச் சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும். எழுத்து இல்லாத இடத்தில் பூச்சு வெளுத்துப் பொடியாகிறது. எழுத்தின் கீழே அது தடிப்பாக நிற்கிறது. இருட்டில் டார்ச்சைப் பலகைக்கு ஏறக்குறைய ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், நகத்தால்கூடத் தட்டுப்படாத அந்த மேடு நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். மேல்பூச்சு கார்பன் கறுப்பாக இல்லாவிட்டால் அகச்சிவப்புக் கேமரா அதற்குக் கீழேயும் பார்க்கும். கார்பன் கலந்த கறுப்பு எழுத்து அகச்சிவப்பை விழுங்கி இருண்டு நிற்கும். புற ஊதா விளக்கில் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கடுகளவு பெயிண்ட் சில்லை ஒளிபுகும் பிசினில் புதைத்து, வெட்டி மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் முதல் பூச்சிலிருந்து கடைசிப் பூச்சு வரை வரிசையாகத் தெரியும்.

1914 முதல் 1925 வரை ஃபோர்டு ஆலை மாடல் டிக்குக் கறுப்பு மட்டுமே பூசியது. மலிவாகவும் உறுதியாகவும் இருந்த தார் கலந்த பூச்சு அது. அதற்கு முன் பச்சை, சிவப்பு, நீலம், சாம்பல் எல்லாம் உண்டு. வெளியார் கட்டிய டெலிவரி உடம்புக்கு இந்த விதி கிடையாது. கடைக்காரர் விரும்பிய நிறம். ‘மாடல் டி என்றால் கறுப்பு’ என்று எண்ணி, அடியிலிருந்த மஞ்சளையும் கருஞ்சிவப்பையும் சுரண்டித் தள்ளியவர்கள் உண்டு. சுரண்டிய பூச்சைத் திரும்பப் பெற வழியே இல்லை. இன்னொன்று, அந்தப் பூச்சில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துக் கிளம்பும் தூசி நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும். குழந்தைகள் உள்ள வீட்டின் கொட்டகையில் அதைச் செய்வது பெரும் குற்றம். ஆக, உடல்நலமும் வரலாறும் இங்கே ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன.

பலகையை மென்மையான சோப்பு நீரால் துடைத்து, உதிரும் பூச்சை ஒட்டி நிறுத்தி, மெல்லிய பாதுகாப்புப் பூச்சோடு விட்டுவிடுங்கள். மங்கிய எழுத்தின் மேல் புது வண்ணத்தை நிரப்பத் தூண்டும் ஆசையை அடக்குங்கள். கண்காட்சிக்குத் தெளிவான எழுத்து வேண்டுமென்றால் தனிப் பலகையில் எழுதி மேலே மாட்டலாம், கழற்றிவிடலாம்.

நம் ஊர்களிலும் சோடாக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, பால் சொசைட்டி என்று பெயர் எழுதிய பழைய வண்டிகள் கொட்டகைகளில் மக்கிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால், டிங்கரிங் ஆளை அழைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, தெரியும் எழுத்தை ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் எழுதி, வண்டியை ஓட்டியவரோ ஏற்றி இறக்கியவரோ இருந்தால் அவரிடம் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.